பிளக்கைக் கழற்றியும் எரிந்த ரவுட்டர்

சித்திரை வருஷப் பிறப்புக்கு இன்னும் நான்கு நாள். காலையில் நல்ல வெயில். பன்னிரண்டு மணிக்கு மேல் மலைக்குப் பின்னாலிருந்து மேகம் ஏறி ஏறி வந்து, இரண்டரைக்கெல்லாம் லைட் போட்டால்தான் எழுத்துத் தெரியும் என்கிற அளவுக்கு இருட்டிவிட்டது. மார்ச், ஏப்ரலிலும் பிறகு ஒக்டோபர், நவம்பரிலும் இரண்டு பருவக்காற்றுக்கும் இடைப்பட்ட காலத்தில் இலங்கை மலைநாட்டுப் பின்னேரங்கள் இப்படித்தான். தலவாக்கலைப் பக்கம், 1,200 மீட்டர் உயரத்தில், மேட்டு விளிம்பில் வீடு கட்டியிருக்கிற எங்களுக்கு இடி புதிதில்லை.

வீட்டிலிருந்து 35 மீட்டர் தள்ளி, தகரம் போட்ட அறை ஒன்றில் பின்னேரம் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக் கொடுக்கிறேன். ஆறு கம்ப்யூட்டர். எல்லாமே பழையவை. என்னிடம் படித்துவிட்டுக் கொழும்பில் வேலை செய்கிற பிள்ளைகள் காசு சேர்த்து வாங்கித் தந்தவை. ஓ.எல். என்கிற சாதாரண தரப் பரீட்சை எழுதப் போகிற பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. அதனால் அந்த ஆறும் எனக்கு வெறும் சாமான் இல்லை.

தூரத்தில் இடி கேட்டதுமே வகுப்பை நிறுத்தி, பிள்ளைகளை வீட்டுக்குள் கூட்டி வந்தேன். வருமுன் அறையில் எல்லாச் சுவரின் சுவிச்சையும் அணைத்தேன். வீட்டில் ரவுட்டர் பிளக்கையும் டிவி பிளக்கையும் கழற்றினேன். இங்கே எல்லா வீட்டிலும் செய்கிறதுதான். கால் மணித்தியாலம் கழித்து, அறைக்கு மேலே இருந்த டர்பன்டைன் மரத்தில் இடி விழுந்தது. வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக வந்தன. ட்ரிப் சுவிச் விழுந்தது. பிள்ளைகளில் ஒருத்தி அழுதே விட்டாள். ஆட்களுக்கு ஒன்றும் இல்லை.

அடுத்த நாள் காலையில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். அறையில் கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கிற நெட்வொர்க் சுவிச் பெட்டி செத்திருந்தது. பக்கத்தில் போனாலே கருகல் மணம். ஆறு கம்ப்யூட்டரில் ஒன்று எழும்பவே இல்லை. மூன்று எழும்பின, ஆனால் நெட்வொர்க் வேலை செய்யவில்லை. இரண்டு தப்பின. வீட்டில் கேட் கேமராவின் ரெக்கோர்டர் போய்விட்டது, கேமராவும் போய்விட்டது. ரவுட்டர் எழும்பியது, வைஃபையும் வந்தது. ஆனால் பின்பக்கத்து நான்கு ஓட்டைகளில் இரண்டாவதும் நான்காவதும் வேலை செய்யவில்லை.

இதில் என்னைக் குழப்பியது குளிர்சாதனப் பெட்டி. அது முழு நேரமும் கரண்டில்தான் இருந்தது. அதற்கு ஒரு கீறலும் இல்லை. கரண்டிலேயே இல்லாத ரவுட்டர் எப்படி எரியும்?

விடை அந்த இரண்டு ஓட்டைகளில் இருந்தது. இரண்டாவதில் அறைக்குப் போகிற 35 மீட்டர் கெட் 5இ வயர், அதாவது செப்பு நெட்வொர்க் வயர். நான்காவதில் ரெக்கோர்டருக்குப் போகிற வயர். ஒன்றும் மூன்றும் வெறுமையாக இருந்தவை; அவை நன்றாக இருக்கின்றன. ஆக, வந்தது கரண்ட் கம்பி வழியாக இல்லை. ஒரு நெட்வொர்க் வயரில் ஏறி வந்து, இன்னொரு நெட்வொர்க் வயரில் இறங்கிப் போயிருக்கிறது. நடுவில் இருந்த ரவுட்டர் அதற்கு ஒரு படிக்கட்டு.

ரவுட்டரைத் திறந்தேன். வயர் சொருகும் ஓட்டைகளுக்குப் பின்னால் கறுப்பாக, சதுரமாக ஒரு கட்டி இருக்கும். அதற்குள் நூலளவு கம்பி சுற்றிய குட்டி ட்ரான்ஸ்போர்மர்கள். வயரில் வருகிற சமிக்ஞையை மட்டும் உள்ளே விட்டு, இரண்டு பக்கத்தையும் மின்சாரத்தில் பிரித்து வைப்பதுதான் அதன் வேலை. நெட்வொர்க் தரவிதிப்படி அந்தப் பிரிப்பு 1,500 வோல்ட்டைத் தாங்க வேண்டும். சாதாரண நாளைக்கு அது தாராளம். என் ரவுட்டரில் அந்தக் கட்டியின் ஒரு மூலை வெடித்து, பலகையில் இருந்த செப்புக் கோடு ஆவியாகிப் போய், வெறும் கரித் தடம் இருந்தது.

எங்கள் பகுதி வயரிங் பாஸ் (மின்சார வேலைக்காரர்) ஒருவர், என் அப்பா வயது இருக்கும், அடுத்த வாரம் வந்து பார்த்தார். அறையைச் சுற்றி ஒரு நடை நடந்தார். மண்ணில் அடித்திருந்த எர்த் கம்பியைக் காலால் தட்டிக் காட்டி, "மாஸ்டர், நீங்க கரண்ட கழட்டிட்டீங்க. பூமிய யாரு கழட்டுறது?" என்றார்.

அந்தக் கேள்வியில்தான் முழு விஷயமும் இருக்கிறது. சுவரில் இருக்கிற சுவிச் உயிர்க் கம்பியை மட்டும்தான் வெட்டும். மூன்றாவது முள், எர்த், எப்போதும் தொட்டுக்கொண்டேதான் இருக்கும். அறைக்குக் கரண்ட் வீட்டிலிருந்துதான் போகிறது, ஆனால் அறைக்குத் தனி ட்ரிப் சுவிச், தனி எர்த் கம்பி. கம்ப்யூட்டரின் இரும்புப் பெட்டி அந்த எர்த்தோடு சேர்ந்திருக்கிறது. மரத்தில் விழுந்த மின்னல் மண்ணில் இறங்கும்போது அந்த இடத்து மண்ணே சில மைக்ரோசெக்கனுக்கு உயர்ந்த வோல்ட்டுக்குப் போய்விடுகிறது. அறை எர்த் அந்த வோல்ட்டைக் கம்ப்யூட்டர் பெட்டிக்குக் கொண்டுவருகிறது. இங்கே 35 மீட்டர் தள்ளி வீட்டு மண்ணும், இன்னும் 20 மீட்டர் தள்ளி கேட்டின் இரும்புத் தூணும் அமைதியாக இருக்கின்றன. கேமராவின் இரும்பு உடல் அந்தத் தூணில்தான் திருகியிருந்தது. இரண்டு பூமிக்கும் நடுவே நான் செப்புக் கம்பியால் பாலம் போட்டு வைத்திருக்கிறேன். அது அந்தப் பாலத்தில் நடந்தது, அவ்வளவுதான்.

போதாததற்கு, மரத்துக்குக் கீழே தொங்கிய அந்த நீள வயர் ஒரு ஏரியல் மாதிரியும் வேலை செய்யும். வயரைத் தொடாமல் பக்கத்தில் விழுகிற மின்னலே அதில் ஆயிரக்கணக்கான வோல்ட்டைத் தூண்டிவிடும்.

ரிப்பேரைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நெட்வொர்க் மட்டும் போன மூன்று கம்ப்யூட்டரிலும் பயோஸில் (கம்ப்யூட்டர் எழும்பும்போது வருகிற அடிப்படை அமைப்புத் திரை) போய் போர்டிலேயே இருக்கிற நெட்வொர்க்கை அணைத்துவிட்டு, புதிதாக நெட்வொர்க் கார்ட் சொருகினேன். பயோஸில் அணைப்பதை விட்டுவிடக் கூடாது; பாதி செத்த சிப் ஒன்று உள்ளே இருந்தால் கம்ப்யூட்டர் காரணமில்லாமல் உறையும். ஒன்றில் அப்படி நடந்தது. முழுதாகப் போனதிலிருந்து ரேமையும் டிஸ்க்கையும் எடுத்து வைத்தேன். ரவுட்டரை மீதி இரண்டு ஓட்டையோடு ஓட்டினேன்.

பிறகு நான் செய்தது தவறான வேலை. அதையும் எழுத வேண்டும், ஏனென்றால் பலர் இதையே செய்கிறார்கள்.

நெட்வொர்க் வயருக்கென்று சின்னச் சர்ஜ் புரொடெக்டர் (திடீரென ஏறும் வோல்ட்டைத் தடுக்கிற) பெட்டி விற்கிறார்கள். ஒரு பக்கம் வயர் உள்ளே, மறுபக்கம் வெளியே, நடுவில் பச்சை நிறத்தில் ஒரு எர்த் வால். உள்ளே வாயு அடைத்த குழல் இருக்கும். வழக்கமாக 90 வோல்ட் அளவில் அது திறந்து, வருகிறதை எர்த்துக்குத் தள்ளிவிடும். ஒன்றே ஒன்று வாங்கி வீட்டுப் பக்கம் ரவுட்டருக்கு முன் மாட்டினேன். பச்சை வாலை பிளக் பேஸின் எர்த் ஓட்டையில் சேர்த்தேன். அந்த எர்த் சுவருக்குள்ளால் போய், கூரையைச் சுற்றி, மெயின் போர்டுக்கு வந்து, அங்கிருந்து மண்ணுக்கு இறங்குகிறது. கூட்டிப் பார்த்தால் 12 மீட்டர்.

ஒக்டோபரில் மறுபடி. இந்த முறை மரத்தில்கூட இல்லை, மேலே தேயிலைக்குள் எங்கேயோ விழுந்தது. அறையின் புது நெட்வொர்க் சுவிச் போயிற்று. ரவுட்டரில் இன்னொரு ஓட்டை போயிற்று.

பெட்டி மோசமில்லை. நான் மாட்டிய விதம் மோசம். வேகமாக மாறுகிற கரண்டுக்கு எந்தக் கம்பியும் ஒரு தடங்கல் (இன்டக்டன்ஸ்); நேரான கம்பியில் அது ஒரு மீட்டருக்குச் சுமார் 1 மைக்ரோஹென்றி. வீட்டுக் கரண்டுக்கு அது ஒன்றுமே இல்லை. ஆனால் மின்னல் மைக்ரோசெக்கனில் ஏறுகிற சாமான். ஒரு மைக்ரோசெக்கனில் 1,000 ஆம்பியர் ஏறினால், ஒவ்வொரு மீட்டர் கம்பியிலும் 1,000 வோல்ட் நிற்கும். பிறகு 12 மீட்டர் வாலில் 12,000. மின்னலின் முதல் அடி சாதாரணமாகவே 30,000 ஆம்பியர் அளவு என்பதை நினைத்தால், அதில் சிறு பங்கு வந்தாலே இந்தக் கணக்குத்தான். பெட்டி திறந்தது, ஆனால் அதன் கால் எங்கேயோ ஆகாயத்தில் நின்றது. அறைப் பக்கத்தில் பெட்டியே இல்லை.

பாஸ் தன் எர்த் டெஸ்டரைக் கொண்டு வந்தார். தோட்டத்தில் இரண்டு ஆணியை ஒரே கோட்டில் அடித்து அளந்தோம். வீட்டு எர்த் 90 ஓம், அறை எர்த் 140 ஓம். ட்ரிப் சுவிச் வேலை செய்ய அது போதும். 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே விழுகிற சுவிச் அது. ஆனால் மின்னலில் 100 ஆம்பியர் மட்டும் அந்த 140 ஓமில் இறங்கட்டும்: 14,000 வோல்ட். ட்ரான்ஸ்போர்மர் தாங்குவது 1,500. எங்கள் மேட்டில் ஒரு முழத்துக்குக் கீழே கல். மழைக்காலத்தில் ஈரமாகத் தெரிகிற மண் அடியில் காய்ந்தே கிடக்கிறது.

வீட்டுப் பக்கம் இன்னும் இரண்டு நான்கடிக் கம்பி அடித்தோம், ஒன்றுக்கொன்று இரண்டரை மீட்டர் இடைவெளி விட்டு. பக்கத்தில் பக்கத்தில் அடித்தால் பலன் பாதிதான். கம்பியின் நீளமாவது இடைவெளி வேண்டும், இரட்டிப்பாக இருந்தால் நல்லது. கல் மறித்த இடத்தில் சாய்த்து அடித்தார். பழைய முறையில் உப்பும் கரியும் போடலாம் என்றார். உப்பு கம்பியை அரிக்கும், நம் மழைக்கு ஒரு வருஷத்தில் கரைந்து பள்ளத்துக்குப் போய்விடும் என்று நான் வேண்டாம் என்றேன். அவரும் வற்புறுத்தவில்லை. மூன்று கம்பியையும் 16 சதுர மில்லிமீட்டர் செம்பால் இணைத்த பிறகு 38 ஓம் காட்டியது.

"வீட்டு எர்த்தையும் அறை எர்த்தையும் ஒரு தடித்த கம்பியால சேத்துட்டா ரெண்டும் ஒண்ணாயிடாதா அண்ணே?" என்று கேட்டேன். எனக்கே பதில் தெரிந்திருக்க வேண்டும். 35 மீட்டர் கம்பி, 35 மைக்ரோஹென்றி. அதே கணக்குப்படி இரண்டு நுனிக்கும் நடுவே 35,000 வோல்ட் நிற்கலாம். எவ்வளவு தடிப்பாகப் போட்டாலும் நீளம் நீளம்தான். வீட்டுக் கரண்டுக்கு அவை ஒன்றாகும், மின்னலுக்கு ஆகாது.

அப்போதுதான் முடிவெடுத்தேன்: இரண்டு கட்டிடத்துக்கும் நடுவே நெட்வொர்க்குக்கு உலோகமே இருக்கக் கூடாது. மானாப்புல் மலையில் தீ தாண்டாமல் இருக்க நடுவில் புல்லைச் செதுக்கி வெறும் மண்ணாக விடுவார்கள் இல்லையா, அந்த மாதிரி ஒரு வெட்டு. கண்ணாடி இழை கரண்டைக் கடத்தாது. எத்தனை ஆயிரம் வோல்ட் வந்தாலும் அதற்குக் கவலை இல்லை.

ஃபைபர், அதாவது இந்தக் கண்ணாடி இழை, என்றதும் கம்பனிக்காரன் வந்து செய்கிற வேலை என்று நினைக்கிறோம். இல்லை. தேவைப்பட்டவை மூன்று சாமான்தான்: இரண்டு மீடியா கன்வேர்ட்டர் (வயரில் வருகிற சமிக்ஞையை வெளிச்சமாகவும், வெளிச்சத்தைத் திரும்பச் சமிக்ஞையாகவும் மாற்றுகிற பெட்டி), இரு நுனியிலும் முள் (கனெக்டர்) பொருத்தியே வருகிற 50 மீட்டர் ஃபைபர், அரை அங்குல பிவிசி பைப். ஹட்டன் டவுனில் சொல்லி எடுப்பித்தேன். கன்வேர்ட்டர் சோடியின் விலை, நான் அந்த ஆண்டு மட்டும் மாற்றிய நெட்வொர்க் சுவிச்சுகளின் விலையை விடக் கொஞ்சம்தான் கூட.

வாங்கும்போது மூன்று விஷயம் பார்க்க வேண்டும். ஒற்றை இழையில் போக்கும் வரத்தும் நடக்கிற வகை என்றால் கன்வேர்ட்டர் ஏ, பி என்று இரண்டு மாதிரி. ஒன்று 1310 நானோமீட்டரில் அனுப்பி 1550இல் வாங்கும், மற்றது எதிர்மாறு. எனக்கு முதலில் வந்தவை இரண்டும் ஏ. ஒரு முழுப் பின்னேரம் வயரைச் சந்தேகப்பட்டு உட்கார்ந்திருந்தேன். ஃபைபர் இணைப்பைக் காட்டுகிற எஃப்எக்ஸ் லைட் எரியவே இல்லை. பெட்டிக்கு அடியில் ஒட்டியிருந்த எழுத்தைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. திரும்ப ஹட்டன் பஸ்.

இரண்டாவது, முள்ளின் நிறம். வீட்டு இணைப்புக்குக் கம்பனிகள் போடுவது பெரும்பாலும் பச்சை முள். அதன் முகம் சாய்வாக வெட்டியிருக்கும். கன்வேர்ட்டர் கேட்பது நீல முள். பச்சையை நீலத்தில் தள்ளினால் போகும், ஆனால் வெளிச்சம் சரியாகப் போகாது, முகமும் கீறலாம்.

மூன்றாவதுதான் மின்னலுக்கு முக்கியமானது. வெளியில் போடுகிற கறுப்பு ஃபைபரோடு தொங்கவிடுவதற்காக ஓர் இரும்புக் கம்பி ஒட்டியே வரும். அதை அப்படியே வீட்டுக்குள் கொண்டுவந்தால் செம்பை எடுத்துவிட்டு இரும்பை வைத்த கதையாகிவிடும். அந்தக் கம்பியைக் கத்தியால் பிளந்து முழு நீளத்துக்கும் பிரித்து எடுத்தேன். மீதி இழையின் இரு பக்கமும் பலத்துக்கு வைக்கிற நூல்களும் சிலதில் இரும்பு, சிலதில் நார் பிளாஸ்டிக். கடையிலேயே ஒரு சின்னக் காந்தத்தைப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். ஒட்டினால் வேண்டாம்.

பைப்பை ஒன்றரை அடி ஆழத்தில் புதைத்தோம். தொங்கவிட்டிருக்கலாம், ஆனால் இரும்பை எடுத்த பிறகு அதற்குத் தொங்கப் பலம் இல்லை. மேலோட்டமாகப் புதைத்தால் காட்டுப்பன்றி ராத்திரியில் கிண்டிவிடும். இரண்டு சனிக்கிழமை போனது. பெரிய வகுப்புப் பையன்கள் நான்கு பேர் கேட்காமலே மண்வெட்டியோடு வந்தார்கள். இழுக்கும்போது முள்ளுக்குத் தூசி மூடி கட்டாயம், வளைவுகள் உள்ளங்கை அகலத்துக்குக் குறையக் கூடாது. மிச்சமான 15 மீட்டரை வெட்டவில்லை. சாப்பாட்டுத் தட்டு அளவு வளையமாகச் சுற்றி அறைச் சுவரில் மாட்டிவிட்டேன். பையன்களுக்கு ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொன்னேன்: நுனியைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்காதே. அந்த வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது, தெரியாததால் கண் தானாக மூடாது.

பி வந்த பிறகு சொருகினோம். இரண்டு பக்கமும் எஃப்எக்ஸ் எரிந்தது. பழைய கெட் 5இ வயரை மரத்திலிருந்து இறக்கிச் சுருட்டி, அறைக்குள்ளேயே கம்ப்யூட்டர்களுக்கு வெட்டிப் பாவித்தேன்.

இது பாதி வேலைதான். அறைக்குக் கரண்ட் இன்னும் வீட்டிலிருந்து இரண்டு கம்பியில்தான் போகிறது. அதற்கு இரண்டு போர்டிலும், கரண்ட் கம்பியில் ஏறி வருகிற வோல்ட்டை மண்ணுக்குத் தள்ளுகிற சர்ஜ் அரெஸ்டர் மாட்டினார் பாஸ். நம் மாதிரி ஒவ்வொரு வீட்டுக்கும் சொந்த எர்த் கம்பி உள்ள இடத்தில், உயிர்க் கம்பிக்கும் நியூட்ரலுக்கும் நடுவே வேரிஸ்டரும் (வோல்ட் கூடினால் மட்டும் கடத்துகிற துண்டு), நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே வாயுக் குழலும் இருக்கிற மாதிரி வாங்க வேண்டும். இடம் ட்ரிப் சுவிச்சுக்கு முன்னால். பின்னால் வைத்தால் பாய்கிற அத்தனையும் ட்ரிப் சுவிச்சுக்குள்ளால் போகும். அரெஸ்டருக்கு வந்து போகிற கம்பி எல்லாம் சேர்த்து அரை மீட்டருக்குள். காரணம் மேலே சொன்ன அதே மைக்ரோஹென்றி. முகப்பில் சின்ன ஜன்னல் பச்சையாக இருந்தால் உயிரோடு இருக்கிறது. சிவப்பானால் மாற்ற வேண்டும். மாதம் ஒரு தடவை பார்க்கிறேன். இது மெயின் போர்டைத் திறந்து செய்கிற வேலை, தெரிந்தவர் கையால் மட்டும் செய்ய வேண்டும்.

ரெக்கோர்டரையும் ரவுட்டரையும் சேர்த்த வயரை எடுத்துவிட்டு, ரெக்கோர்டரை வைஃபையில் சேர்த்தேன். கேட்டிலிருந்து அடித்தால் ரெக்கோர்டரோடு நிற்கட்டும். புதுக் கேமராவைத் தூணில் திருகாமல் பலகைத் துண்டில் திருகி, பலகையைத் தூணில் கட்டினேன்.

குழி வெட்ட வழியில்லாத, வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளில் பிள்ளைகள் கேட்பார்கள், வைஃபை போதாதா என்று. போதும், பக்கத்து அறைக்குக் கிடைத்தால். என் தகரச் சுவர் அதை விழுங்கிவிட்டது, அதனால்தான் தோண்டினேன். ஒரே வீட்டுக்குள் ரவுட்டரும் டிவியும் இருக்கிறவர்களுக்கு ஃபைபரும் வேண்டாம். ரவுட்டர், டிவி, டிஷ் பெட்டி மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் சொருகுங்கள். இடிக்கு முன் அந்த ஒரு பிளக்கைக் கழற்றும்போது டிஷ் வயரையும், கூரை ஏரியல் வயரையும், வெளியிலிருந்து வருகிற நெட்வொர்க் வயரையும் சேர்த்துக் கழற்றுங்கள். கழற்றிய நுனியைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே போடாமல் ஒரு மீட்டராவது தள்ளிப் போடுங்கள்.

ஆனால் இதெல்லாம் இடி வருமுன். மின்னலுக்கும் சத்தத்துக்கும் நடுவே 30 செக்கன் எண்ணுவதற்குள் இடி கேட்டால் அது 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அதன் பிறகு எந்த வயரிலும் கை வைக்கக் கூடாது. எரிகிறது எரியட்டும். பிள்ளைகள் ஓடிப்போய் ரவுட்டரைக் கழற்றுவதைப் பார்த்திருக்கிறேன். பெரியவர்கள் அனுப்புவதையும் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அனுப்பாதீர்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே நான் பிள்ளைகளை அறைக்குத் திரும்ப விடுகிறேன்.

இந்த முறை நவம்பரில் ஒரு பின்னேரம், அறைக்கு மேலே மிச்சம் நின்ற டர்பன்டைன் மரத்திலேயே விழுந்தது. மரம் உச்சியிலிருந்து அடிவரை பிளந்தது. காலையில் பயத்தோடு போய்ப் பார்த்தேன். அறைப் பக்கத்துக் கன்வேர்ட்டரின் பவர் அடப்டர் போயிருந்தது, அரெஸ்டரின் ஜன்னல் சிவப்பாகியிருந்தது. ஐந்து கம்ப்யூட்டரும் எழும்பின. வேறொரு 5 வோல்ட் அடப்டரை மாட்டினேன், எஃப்எக்ஸ் எரிந்தது. அன்றைய பின்னேர வகுப்பு சொன்ன நேரத்துக்கே தொடங்கியது.

அரெஸ்டரின் புதுத் துண்டு ஹட்டனிலிருந்து வந்துவிட்டது. பாஸ் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார். அறையின் 140 ஓமுக்கும் மார்ச்சுக்கு முன் இரண்டு கம்பி அடிக்க வேண்டும்.